பின்கதவின் சாவி



ஏப்ரல் 14 என்றதும் நம்மில் பலருக்குச் சித்திரைப் பிறப்பும் அண்ணல் அம்பேத்கரின் பிறந்தநாளும் நினைவுக்கு வரும். அதே நாள் நாடெங்கும் தீத்தொண்டு நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது. 1944-ஆம் ஆண்டு அந்த நாளில், பருத்திப் பொதிகளையும் வெடிமருந்தையும் ஒருசேர ஏற்றிப் பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற கப்பலொன்று தீப்பற்றி வெடித்தது. அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர்களில் 66 பேர் உயிர்விட்டனர். அவர்கள் நினைவாகவே 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் அனுசரிக்கப்படுகிறது. இத்தனை ஆண்டு ஊழியத்தில் அந்த வாரத்தை நான் ஒருமுறையும் கவனித்ததில்லை. இந்த ஆண்டு கவனிக்க வேண்டியதாயிற்று. அதன் காரணம் உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். தெரிந்தது முழுவதும் அல்ல என்பதாலேயே எழுதுகிறேன்.

நம் ஆலய வளாகத்து மருத்துவமனையை நீங்கள் அறிவீர்கள். மருத்துவமனை என்பது சற்றுப் பெரிய சொல். நம் முன்னோர் டிஸ்பென்சரி என்றே அழைத்தனர். பழைய ஓட்டுக் கட்டடம். முன் தாழ்வாரத்தில் பதிவு மேஜை, அடுத்து மருத்துவர் அறை, மருந்து கொடுக்கும் சாளரம், காயங்களுக்குக் கட்டுப்போடும் அறை. உட்பக்கத்தில் நான்கு கட்டில் போட்ட அறை ஒன்று. மூச்சிரைப்புக்காரருக்கு ஆவி பிடிப்பதும் சோர்ந்தவருக்கு ட்ரிப்ஸ் ஏற்றுவதும் அங்கேதான். அதற்கும் கட்டுப்போடும் அறைக்கும் நடுவே பொருளறை. கட்டில் அறையிலிருந்து பின்முற்றத்து வேப்பமரத்தடிக்கு ஒரு கதவு உண்டு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த முற்றத்திலிருந்த தண்ணீர் மோட்டார் திருட்டுப்போயிற்று. மறுநாளே பின்கதவுக்குப் பெரிய பூட்டு ஒன்று வாங்கிப் போடச் சொன்னேன். சாவி குருமனையில், என் மேஜை இழுப்பறையில் இருக்கட்டும் என்றும் சொன்னேன். அந்த உத்தரவை யாரும் கேள்வி கேட்கவில்லை. ஐயர் சொன்னால் நம் ஊரில் அப்படித்தான். அது நல்லதல்ல என்பதை இப்போது அறிகிறேன்.

சென்ற நவம்பரில், மழை விடாது பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை, சர்க்கரை நோயாளிகள் வரும் நாள். தாழ்வாரம் நிறைந்திருந்தது. நானோ ஆறு கிலோமீட்டர் தொலைவில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் இருந்தேன். காலை பதினொரு மணியளவில் பொருளறையில் புகை கிளம்பியது. கருவிகளை நீராவியில் சுத்திகரிக்கும் ஆட்டோகிளேவையும், தண்ணீர் சுடவைக்கும் கெட்டிலையும், இன்வெர்ட்டரையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் சொருகியிருந்தார்கள். சூடேறிய ஒயர் உருகி, பக்கத்திலிருந்த பஞ்சுக்கட்டுப் பெட்டியைப் பற்றிக்கொண்டது.

நெருப்பு என்று ஒரு குரல் கேட்டதும் தாழ்வாரத்திலிருந்தோர் சாலைக்கு ஓடினர். ஊழியரும் ஓடினர். அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. என்ன செய்ய வேண்டுமென்று நாம் ஒருவருக்கும் ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. தீயணைப்பான் ஒன்று நம்மிடம் இருந்தது. ஆனால் அது பீரோவின் பின்னால், சென்ற ஆண்டு மிஞ்சிய சபைக் காலண்டர் கட்டுகளுக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. மருந்தாளுநர் தம்பி அதை எடுத்துவந்து அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. அதன் முள் எப்போதோ சிவப்புப் பகுதிக்குச் சென்றுவிட்டிருந்தது.

கூட்டிப் பெருக்கும் ஆயாவோ இரண்டு காரியம் செய்தார். மெயின் சுவிட்சை இறக்கினார். பொருளறைக் கதவை இழுத்துச் சாத்தினார். அதற்குள் எதிரே இருசக்கர வண்டிப் பட்டறை வைத்திருக்கும் இளைஞர் தம் கடையின் தீயணைப்பானைத் தூக்கி ஓடிவந்து, கதவைச் சற்றே திறந்து, அடியைப் பார்த்துப் பீய்ச்சினார். தீ அடங்கியது. ஒரு பெட்டி பஞ்சும், ஒரு சுவரின் வெள்ளையும், இன்வெர்ட்டரும் போயின. நான் வந்து சேர்ந்தபோது எல்லாரும் சாலையோரம் நின்று நடந்ததைப் பேசிக்கொண்டிருந்தனர்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் அதைச் சாட்சியாகச் சொன்னேன். கர்த்தர் காத்தார் என்றேன். நீங்கள் ஆமென் என்றீர்கள். சிலர் ஸ்தோத்திரக் காணிக்கையும் படைத்தீர்கள். அவர் காத்தார் என்பதை இன்றும் விசுவாசிக்கிறேன். ஆயினும் அன்று நான் சொன்ன சாட்சியில் ஒரு கட்டில் விடுபட்டிருந்தது. எனக்கு அது அப்போது தெரியாது.

செவ்வாய்க்கிழமை ஓர் ஆச்சியைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனேன். நம் சபையார் அல்லர். ஆனால் இருபது ஆண்டுகளாக நம்மிடம் மருந்து வாங்குகிறவர். இடுப்பெலும்பு முறிந்து, தாங்குகட்டை இல்லாமல் எழ முடியாதவர். தீப்பிடித்த அன்று மூச்சிரைப்புக்காக உள்ளறையில் நான்காம் கட்டிலில் படுக்கவைத்திருந்தார்கள். கூட வந்த பேத்தி தேநீர் வாங்கச் சென்றிருந்தாள். பேத்தி திரும்பிவந்து, சாலையில் நின்ற கூட்டத்தைச் சுற்றிப் பார்த்து, "ஆச்சி எங்க?" என்று கேட்ட பிறகே அவர் நினைவு எல்லாருக்கும் வந்தது. அதற்குள் பத்து நிமிடம் கடந்திருந்தது.

இதை எனக்குச் சொன்னவர் பேத்தி. ஆச்சி குற்றம் ஒன்றும் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் ஓடுத சத்தம் கேட்டுது ஐயா. பொறத்தால கதவு பூட்டியிருக்குன்னும் தெரியும். நம்மளையும் யாராவது நெனைப்பாவன்னு படுத்துக் கெடந்தேன்" என்றார். பிறகு காப்பி போடும்படி பேத்தியிடம் சொன்னார்.

அந்தக் காப்பியை நான் குடித்து முடித்தேனா என்பது நினைவில் இல்லை. வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். சாவி அங்கே இருந்தது.

அன்றிரவு ஏர்வாடி நினைவுக்கு வந்தது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் அதிகாலையில் அங்கே மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஓலைக் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் மாண்டனர். அவர்கள் கட்டிலோடும் கம்பத்தோடும் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். நான் அப்போது இறையியல் மாணவன். விடுதியில் செய்தித்தாளை வைத்துக்கொண்டு எவ்வளவு கோபமாகப் பேசினோம்! சங்கிலி போட்டவன் மனிதனா என்றோம். போட்டவர்கள் தங்களைக் கொடியவர் என்று எண்ணியிருக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. நோயாளி ஓடிப்போய்விடக் கூடாதே, வழிதவறிவிடக் கூடாதே என்று ஏதோ ஒரு பாதுகாப்பைச் சொல்லியே பூட்டியிருப்பார்கள். நானும் பாதுகாப்பு என்று சொல்லித்தான் பூட்டினேன். மோட்டாரைக் காப்பாற்றினேன்.

உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் ஒரு சிறிய கட்டளை உண்டு. நாம் அதன்மேல் பிரசங்கிப்பது அரிது. புதுவீடு கட்டுகிறவன் மெத்தையைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு ஒருவன் விழுந்தால் அந்த இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்பது அதன் பொருள். இஸ்ரவேலை அக்கினி ஸ்தம்பத்தால் நடத்திய தேவன், விழுகிறவனைத் தாங்கத் தூதரை அனுப்பக்கூடியவர், சுவர் கட்டு என்று செங்கல் வேலை சொல்கிறார். எவனும் விழுமுன்னே கட்ட வேண்டிய சுவர் அது. யார் விழுவார் என்று தெரியாமலே கட்ட வேண்டியது.

சேகரக் கமிட்டியில் இதைப் பேசினேன். ஒரு மூப்பர், "ஒரு சேதமும் இல்லையே ஐயா, ஆண்டவர் காத்துவிட்டாரே, இதற்கு ஏன் பணம் ஒதுக்க வேண்டும்?" என்றார். அவர் விசுவாசத்தில் என்னிலும் பெரியவர், கஞ்சத்தனத்தால் சொன்னதன்று. நான் சாவியை மேஜைமேல் வைத்து, நான்காம் கட்டிலைப் பற்றிச் சொன்னேன். அதன்பின் அவர்தான் தீயணைப்பு நிலையத்துக்கு என்னோடு வந்தார்.

நிலைய அலுவலர் ஒரு சனிக்கிழமை வந்து கட்டடம் முழுவதும் நடந்து பார்த்தார். அதிகம் பேசாதவர். பொருளறையில் கரிந்த சுவருக்கு இரண்டடி தள்ளி நான்கு ஐந்து லிட்டர் கேன்கள் இருந்தன. கொரோனாக் காலத்தில் நன்கொடையாக வந்த கைச்சுத்திகரிப்பான். அவற்றைப் பார்த்து நின்றுவிட்டார். அதில் பெரும்பகுதி ஆல்கஹால் என்றும், அதன் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாமல் எரியும் என்றும் சொன்னார். அது பற்றியிருந்தால் பட்டறைத் தம்பியின் கருவி போதாது என்பதை அவர் சொல்லவில்லை, எங்களுக்கே விளங்கிற்று. அதே அறையில் பிராணவாயு உருளை ஒன்று சுவரில் சும்மா சாய்ந்திருந்தது. பிராணவாயு தானாக எரியாது. ஆனால் எரிகிற எதையும் பன்மடங்கு மூர்க்கமாக எரியவைக்கும். அதைச் சங்கிலியிட்டு நிமிர்த்தி வைக்க வேண்டும், அதன் வால்வில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது என்றார். அதற்கு ஆயா, திறக்கக் கடினமாயிருக்கிறது என்று தாம் தேங்காய் எண்ணெய் விட்டதாக மெல்லச் சொன்னார். அலுவலர் முதன்முறையாகத் தலையில் கைவைத்தார்.

அதே ஆயாவைத்தான் அவர் பாராட்டவும் செய்தார். தீயில் மாள்வோரில் பெரும்பாலோர் சுடரால் அல்ல, புகையால் மாள்கின்றனர். 2011 டிசம்பர் 9 அதிகாலையில் கொல்கத்தாவின் பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றில் தீ எரிந்தது அடித்தளத்தில். ஏறத்தாழத் தொண்ணூறு பேர் மூச்சுத்திணறி மாண்டது மேல்மாடிகளில். கேரளத்திலிருந்து வந்திருந்த இரு இளம் செவிலியர், நோயாளிகளை ஒருவர்பின் ஒருவராக வெளியேற்றிவிட்டு மீண்டும் உள்ளே சென்று, திரும்பவில்லை. ஆகவே தீயுள்ள அறையின் கதவைச் சாத்துவதே முதல் வைத்தியம் என்றார் அலுவலர். ஆயா அன்று கதவைச் சாத்தியதால்தான் உள்ளறைக்குப் புகை குறைவாகச் சென்றது, ஆச்சி பிழைத்தார். ஏன் சாத்தினீர்கள் என்று கேட்டோம். "தொவச்ச போர்வையில பொக நாத்தம் ஏறிரும்லா" என்றார்.

தீயணைப்பானைப் பிடித்துப் பார்க்கும்படி ஒவ்வொருவரையும் அலுவலர் வற்புறுத்தினார். பாதுகாப்பு ஊசியை இழுக்க வேண்டும், குழாயைச் சுடரின் அடிக்குத் திருப்ப வேண்டும், பிடியை அழுத்த வேண்டும், இடமும் வலமுமாக வீச வேண்டும். சிறிய கருவி சில விநாடிகளே பீய்ச்சும். சுடரின் தலையைப் பார்த்துப் பீய்ச்சினால் அந்த விநாடிகளும் வீண். நமக்கும் வெளிவாசலுக்கும் நடுவே தீ வரும்படி ஒருபோதும் நிற்கக் கூடாது. மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அணையாதென்று தோன்றினால் கருவியைப் போட்டுவிட்டு வெளியேறி 101-ஐ அழைக்க வேண்டும். உண்மையில் அணைக்கத் தொடங்குமுன்னே ஒருவர் அழைத்துக்கொண்டிருக்க வேண்டும். அன்று நம்மில் ஒருவரும் அழைக்கவில்லை; எல்லாரும் மற்றவர் அழைத்திருப்பார் என்றிருந்தோம்.

ஒன்றில் மட்டும் அவரோடு வாதிட்டேன். தீக்கு மிக அருகில் இருப்பவரை முதலில் வெளியேற்றுங்கள், பின் நடக்கக்கூடியவர்களை, அதன்பின் படுத்தவர்களை என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. எளியவன் அல்லவா முந்த வேண்டும்? அவர் பொறுமையாக விளக்கினார். நடப்பவர்கள் ஒரே ஆளின் பின்னால் அரை நிமிடத்தில் வெளியேறிவிடுவர். அப்போதுதான் வழி திறக்கும். மற்ற ஊழியர் கைகளும் காலியாகும். படுத்தவரைத் தூக்கப் பல கைகள் வேண்டும். "ஆனால் அந்தக் கைகள் யாருடையவை என்று இன்றைக்கே பெயர் எழுதி வைத்திருக்க வேண்டும் ஐயா. அன்றைக்குத் தேடினால் கிடைக்காது" என்றார்.

மாற்கு 2-ஆம் அதிகாரத்துத் திமிர்வாதக்காரனைப் பற்றி எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன்! நால்வரின் விசுவாசம், கூரையைப் பிரித்த துணிவு, எல்லாம் சொல்லியிருக்கிறேன். அவர்களில் ஒவ்வொருவனும் எந்த மூலையைப் பிடிப்பதென்று புறப்படுமுன் பேசியிருப்பார்கள் என்பது என் சிந்தையில் வந்ததே இல்லை. வாசல் வழியில்லாதபோது வேறு வழி பார்த்தார்கள். நானோ இருந்த வழியைப் பூட்டி, திறவுகோலை வைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் ஒத்திகையை ஜனவரியில் வைத்தோம். நோயாளியாக நான்காம் கட்டிலில் நான் படுத்தேன். 83 கிலோ, அலுவலர் சிரிக்காமல் பார்த்தார். ஞாயிறுபள்ளிக் கைமணியை அடித்ததும் எல்லாரும் வெளியேறினர். முன்கூட்டியே அறிவித்த ஒத்திகைதான். இருந்தும் மருந்தாளுநர் தம்பி பணப்பெட்டியைத் தூக்கினார். பதிவுக்காரத் தங்கை மூன்று பேரேடுகளைத் தூக்கினாள். சிஸ்டர், நடக்கக்கூடிய இருவரைக் கைபிடித்து அழைத்துப்போனார். காலடிச் சத்தம் தேய்ந்தது. நான் விட்டத்துப் பல்லியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். தீ இல்லை, புகை இல்லை, எழுந்து நடக்க இரண்டு கால்கள் இருக்கின்றன. அப்படியும் அந்த ஒன்றரை நிமிடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. ஆச்சி பத்து நிமிடம் படுத்திருந்தார்.

இப்போது காரியங்கள் மாறியிருக்கின்றன. பின்கதவுக்கு உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும் தாழ்ப்பாள் போட்டிருக்கிறோம். மோட்டாருக்குத் தனிக் கூண்டு செய்தாயிற்று, இதை முன்னமே செய்திருக்கலாம். பொருளறையில் ஒயரிங் புதிது. கேன்கள் வெளியே தனிக்கொட்டிலுக்குப் போயின. மூன்று தீயணைப்பான்கள் கைக்கெட்டும் இடங்களில் தொங்குகின்றன. முதல் திங்கள்தோறும் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்து ஆயா அட்டையில் கையெழுத்திடுகிறார். உள்ளறைச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. ஒவ்வொரு கட்டிலுக்கும் அன்று படுத்திருப்பவர் யார், எழுந்து நடப்பாரா, தூக்க வேண்டியவர் எவரெவர் என்று காலையில் சிஸ்டர் எழுதுகிறார். நான்கு பேர் இருந்தால் போர்வையின் நான்கு மூலைகளையும் பிடித்துத் தூக்குகிறோம். இருவரே இருந்தால் நோயாளியைப் போர்வையோடு தரையில் இறக்கி, தலைப்பக்கம் பிடித்து இழுக்கிறோம். மார்ச் மாதம் என்னை அவ்விதம் இழுத்தவர்கள் ஆயாவும் பதிவுக்காரத் தங்கையும். வாசற்படியில் முதுகு சற்று உராய்ந்தது, புகார் இல்லை.

வெளியே வந்தவர்கள் வேப்பமரத்தடியில் கூட வேண்டும். அங்கே பலகையின் நகலை வைத்துத் தலை எண்ண வேண்டும். இந்த எண்ணும் வேலைதான் இன்னும் தடுமாறுகிறது. ஊழியர் ஆறே பேர். எல்லாருக்கும் உள்ளே வேலை இருக்கிறது. எண்ணுகிறவர் எண்ணிக்கொண்டிருக்கையிலேயே யாரோ கூப்பிட்டு ஓடிவிடுகிறார். சென்ற முறை கணக்கு இரண்டு முறை தவறிற்று.

தீத்தொண்டு வாரத்தை முன்னிட்டு வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்றாம் ஒத்திகை. தீயணைப்பு நிலையத்தாரும் வருகிறார்கள். கட்டிலில் படுக்க நான்கு பேர் வேண்டும். வெவ்வேறு எடையுள்ளவர்களாயிருந்தால் நல்லது. வாலிபர் சங்கத்தார் பெயர் கொடுத்திருக்கிறார்கள், பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து இருவர் வந்தால் போதும். மூக்குக்கண்ணாடி, கைப்பேசி முதலியவற்றை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

சென்ற வாரம் மாத்திரை வாங்க வந்த ஆச்சியிடம் இதைச் சொன்னேன். அவரையும் படுக்க அழைக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலும். "படுக்க நான் வரல ஐயா. அந்த மரத்தடியில ஒக்காந்து எண்ணுததுக்கு வேணும்னா வாரேன். ஒரு ஆளு கொறஞ்சாலும் விட மாட்டேன்" என்றார்.

வருவதாக உறுதி சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை ஒன்பதரைக்குள் யாராவது கைவைத்த நாற்காலி ஒன்றை வேப்பமரத்தடியில் போட்டுவையுங்கள். ஆலயத்துப் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து அவரால் எழ முடியாது.